இலை பார்த்தா, ஆள் பார்த்தா?

இரண்டாவது தோசைக்குக் காத்திருப்பவரின் கை காய்ந்துபோவது சின்ன விஷயம் போலத் தோன்றும். முதல் தோசை முடிந்து, சட்னியும் தீர்ந்து, வலது கையைத் தட்டுக்கு மேலேயே வைத்துக்கொண்டு சப்ளையர் வரும் வழியைப் பார்த்திருக்கும் ஒருவரை எந்த ஊர் ஓட்டலிலும் பார்க்கலாம். அவர் கேட்ட பிறகு ஆர்டர் உள்ளே போய், கல்லில் மாவு விழுந்து, வெந்து, தட்டில் ஏறி வருவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் விரலில் ஒட்டியது காய்ந்துவிடும். பசியும் பாதி அடங்கிவிடும். முதல் தோசையில் மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும்போதே வந்து, ‘இன்னொண்ணு சொல்லட்டுங்களா?’ என்று கேட்டுவிட்டுப் போகிற சப்ளையர் இருந்தால் இந்தக் காத்திருப்பே இல்லை. மாவு அதே மாவு, கல்லும் அதே கல், விலையிலும் மாற்றமில்லை. ஒருவர் சரியான நேரத்தில் தட்டைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அப்படிப் பார்ப்பதை நம் ஓட்டல் தொழில் ஒரு திறமையாகக் கணக்கில் வைப்பதில்லை. அந்தக் கண் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்பதைப் பற்றியும் நாம் பேசிக்கொண்டதில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காமல் முதலாவதைச் சரிசெய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

கையால் சாப்பிடும் ஊரில் பரிமாறுகிறவரின் பொறுப்பு கூடுதல். வலது கை சோற்றில் இறங்கிவிட்டால் சாப்பிடுகிறவரால் பல காரியங்களைச் செய்ய முடியாது. சாம்பார் வாளியை அவர் தொடமாட்டார். எச்சில் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. தண்ணீர் ஜக்கை இடது கையால் தூக்கி ஊற்றலாம். வயதானவருக்கு அதுவும் சிரமம். கொரோனா காலத்துக்குப் பிறகு மேசைதோறும் வந்து உட்கார்ந்துகொண்ட கியூஆர் அட்டை தடுமாறுவது இங்கேதான். வந்து அமர்ந்ததும் முதல் ஆர்டரைக் கைபேசியில் போட்டுவிடலாம். பாதிச் சாப்பாட்டில் கொஞ்சம் காரச் சட்னி வேண்டும் என்றால் எழுந்து போய்க் கை கழுவி வந்துதான் கைபேசியைத் தொட வேண்டும். வெள்ளெழுத்து உள்ளவர் கண்ணாடியையும் தேட வேண்டும். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைத் தடவக்கூடிய ஊருக்குப் பொருந்துகிற ஏற்பாடு, பிசைந்து உண்ணும் ஊருக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல் குழுமம் தன் சேவையின் மூன்று படிகளில் ஒன்றாக, விருந்தினரின் தேவையை முன்கூட்டியே உணர்ந்து நிறைவேற்றுவதை எழுதிவைத்து ஊழியர்களுக்குச் சொல்லித்தருகிறது. நமக்கு இது புதுப் பாடம் இல்லை. எழுதிவைக்காமலே பந்தியில் நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது. அதற்குத் தமிழில் பெயரும் உண்டு.

கல்யாணப் பந்தியில் வாளியும் கரண்டியுமாக நடப்பவர்கள் ஒரு பக்கம். கையில் எதுவும் இல்லாமல், இலை இலையாகப் பார்த்தபடி வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கும் ஒருவர் இன்னொரு பக்கம். ‘இங்க கூட்டு வரல’, ‘பெரியவருக்கு ரசம் கொண்டு வாப்பா’, ‘குழந்தைக்கு அப்பளம் வை’ என்று சொல்லிக்கொண்டே போவார். பந்தி விசாரிப்பு என்று இந்த வேலைக்குப் பெயர். குடும்பத்தில் விவரம் தெரிந்தவரிடம்தான் இதை ஒப்படைப்பார்கள். இதே பந்தியில் புழங்கிய இன்னொரு சொல் பந்தி வஞ்சனை. ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் இலையில் நெய் தாராளமாக விழும். அடுத்தவர் இலையில் சொட்டு விழும். வஞ்சனை என்ற கடுமையான சொல்லை நம் முன்னோர் இதற்குச் சூட்டியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வேலையும் கண்ணால் செய்கிறவைதாம். விசாரிப்பவரின் கண் இலை மேல் இருக்கிறது. வஞ்சிப்பவரின் கண் ஆள் மேல் இருக்கிறது. விருந்தினரின் விருப்பத்தை முன்கூட்டி அறிவது நல்லதா, ஆபத்தானதா என்ற விவாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் வாதம். வந்தவர் யார் என்பதிலிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்று ஊகிப்பது தவறு. அவர் முன்னால் இருக்கும் இலையும் தட்டும் டம்ளரும் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதுதான் பரிமாறுகிறவரின் தொழில்.

இலை நிறையச் சொல்லும். சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பவருக்குக் குழம்பு வேண்டும். குழம்புச் சோறு கடைசிப் பிடியில் இருக்க, ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைச் சோற்றை ஒதுக்கி வைத்திருப்பவர் ரசத்துக்குத் தயாராகிவிட்டார். பொரியல் இருந்த இடம் துடைத்தாற்போல் இருந்து, கூட்டு வைத்தபடியே இருந்தால் எதை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று கேட்கவே தேவையில்லை. இட்லியில் ஒன்றரை மீதியிருக்கச் சட்னிக் கிண்ணம் காலியாகிவிட்டால், அடுத்த விள்ளலுக்குள் சட்னி வந்தாக வேண்டும். தோசையின் முறுகலான ஓரத்தை ஒருவர் பிய்த்துப் பக்கத்திலிருக்கும் குழந்தைக்கு ஊட்டுகிறார் என்றால் காலித் தட்டு ஒன்றும், காரமில்லாத ஏதாவது ஒன்றும் அந்த மேசைக்குப் போக வேண்டும். மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தவருக்கு முதலில் தேவைப்படுவது தண்ணீர். டம்ளரை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நகர்த்தி வைத்தவருக்கு அடுத்த முறையும் இடப்பக்கமே வைக்கலாம். உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். காபியை டபராவில் நாலைந்து முறை ஆற்றிவிட்டும் குடிக்காமல் வைத்திருப்பவருக்குச் சூடு அதிகமாகப் பட்டிருக்கலாம். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசை நடுவுக்குத் தள்ளியவருக்கு அதில் ஏதோ ஒத்துவரவில்லை. இவை எதற்கும் சாப்பிடுகிறவரின் சாதியோ சம்பளமோ சட்டையின் விலையோ தெரிய வேண்டியதில்லை. மொழிகூடக் கட்டாயமில்லை. ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் ஓட்டல்களில் வேலை செய்யும் இளைஞர்களுக்குத் தமிழ் வராததால் நல்ல உபசாரம் போய்விட்டது என்று அடிக்கடி கேட்கிறோம். குழம்புக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர் என்ற வரிசையை யாராவது ஒருநாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், குழி பறித்த சோற்றைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவைப்படாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதே அங்குள்ள குறை.

இலையிலிருந்து கண் மேலேறி ஆளிடம் போய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. இன்னாருக்கு இன்ன இடம், இன்னாருக்கு இன்ன குவளை என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்த ஊர்கள் இவை. தேநீர்க் கடைகளில் நிலவிய இரட்டைக் குவளை, ஆளைப் பார்த்து ஊகிக்கும் பழக்கத்தின் கொடிய வடிவம். கேட்பதற்கு முன்பே தனிக் குவளை வந்துவிடும். ஓட்டல் பலகைகளில் சாதிப் பெயர் இருப்பதை எதிர்த்து 1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்பு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு சொல்லி ஏழாண்டுகள் ஆன பிறகும் அந்தத் தேவை இருந்தது. உள்ளே வரும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. உள்ளே வந்தபின் எந்த மேசை கிடைக்கிறது, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வருகிறது, முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்பதைச் சட்டத்தால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேர்வை படிந்த சட்டையோடு வருபவரை ஏசி ஹால் வாசலிலேயே ‘சாதா ஹால் அந்தப் பக்கம்’ என்று திருப்பிவிடுவதும், பெண் ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட இருக்கும் ஆணின் முகத்தைப் பார்ப்பதும், பில் அட்டையை யோசிக்காமல் ஆண் பக்கம் வைப்பதும் இன்றைக்கும் நடக்கின்றன. இவை எல்லாமே முன்கூட்டி உணர்தல் என்ற பெயரில் செய்யக்கூடியவை. இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 200 உணவகப் பரிமாறுநர்களிடம் நடத்தி 2012இல் வெளிவந்த சமூகவியல் ஆய்வில், வாடிக்கையாளரின் இனத்தைப் பொறுத்துத் தம் சேவை சில நேரமாவது மாறுவதாக மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பினத்தவர் டிப்ஸ் குறைவாக வைப்பார்கள் என்று வந்தவுடனே முடிவுகட்டிக் கவனத்தைக் குறைத்துக்கொள்வது அங்குள்ள வழக்கமான ஊகம். கவனம் குறைந்ததும் டிப்ஸும் குறைகிறது. ஊகம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

இந்த ஆபத்தைக் காட்டி, ஊகமே வேண்டாம், கேட்டதை மட்டும் கொண்டுவந்து வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காமல் செய்தால் தவறு வரும். கேட்டுச் செய்தால் எல்லோருக்கும் ஒரே நீதி என்பது அவர்கள் எண்ணம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் கேட்கத் தெரியும், எல்லோராலும் கேட்க முடியும் என்று இது எடுத்துக்கொள்கிறது. பெரிய ஓட்டலுக்கு முதன்முறை வந்து, மெனு கார்டில் பாதி புரியாமல், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறவர் கேட்கமாட்டார். காது மந்தமானவர், திக்கிப் பேசுகிறவர், வேற்று மொழிக்காரர், வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண் ஆகியோரும் கேட்கத் தயங்குவார்கள். கேட்டவருக்கு மட்டும் கிடைக்கும் என்றால் கடைசியில் சத்தமாகக் கூப்பிடுகிறவருக்குத்தான் நல்ல சாப்பாடு. பந்தி விசாரிப்பு என்ற ஏற்பாடு பிறந்ததே கேட்கத் தயங்குகிறவருக்காகத்தான். அதனால் சமத்துவத்தின் பெயரால் கவனிப்பைக் கைவிடுவது, கைவிடக் கூடாதவர்களையே முதலில் கைவிடும்.

ஊகத்துக்கும் கேள்விக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நல்ல சப்ளையர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள். கவனித்ததைச் செயலாக்குவதற்கு முன் அதை ஒரு சின்னக் கேள்வியாக மாற்றிவிடுகிறார்கள். சர்க்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இதை வைத்துக்கொண்டு, நரை கண்டவருக்கெல்லாம் சர்க்கரை இல்லாத காபியைக் கொண்டுவந்து வைத்தால் அது ஆள் பார்ப்பது. அவர் மனம் நோகும். ‘காபி எப்படிங்க, சர்க்கரை தனியா வெச்சிடட்டுமா?’ என்று இருபது வயதுக்காரரிடமும் எழுபது வயதுக்காரரிடமும் ஒரே குரலில் கேட்டால், சொல்ல விரும்புகிறவர் ‘வித்தவுட்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். நோயைப் பற்றி யாரும் பேசத் தேவையில்லை. ஒவ்வாமையும் இப்படித்தான். பத்தோ அதற்கு மேலோ கிளை உள்ள உணவகங்கள் கலோரி அளவையும் ஒவ்வாமை தரும் பொருள்களையும் தெரிவிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அட்டையில் அச்சிட்டால் விதி நிறைவேறிவிடும். சட்னியில் கடலை இருக்கிறது என்ற செய்தி, அது தெரிந்தாக வேண்டியவரின் காதில் விழ ஒரு மனிதர் வாய் திறக்க வேண்டும். வாடிக்கையாளர் சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்வதற்கும் பலன் இருக்கிறது. நெதர்லாந்தில் ஓர் உணவகத்தில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்டரை வாடிக்கையாளரின் அதே சொற்களில் திருப்பிச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதபோது கிடைத்ததைவிடப் பரிமாறுநருக்கு அதிக டிப்ஸ் கிடைத்தது. ‘ரெண்டு ரோஸ்ட், ஒண்ணு எண்ணெய் கம்மி’ என்று சப்ளையர் திருப்பிச் சொல்லும்போது, தான் சொன்னது காதில் விழுந்தது என்ற நிம்மதி வாடிக்கையாளருக்குக் கிடைக்கிறது.

மனிதக் கண்ணும் காதும் தவறு செய்யும், செயலி செய்யாது என்பது இன்னொரு வாதம். உணவுச் செயலிகளும் பெரிய உணவகங்களின் முன்பதிவு மென்பொருள்களும் யார், எப்போது, எதை, எவ்வளவு சாப்பிட்டார் என்று சேர்த்துவைத்திருக்கின்றன. பில் போடும்போது கைபேசி எண் கேட்பது இதற்காகவும்தான். இந்தப் பதிவு பார்ப்பது யாரை? போன மாதத்து ஆளை. இன்றைக்கு அவர் விரதமாக இருக்கலாம், வயிறு சரியில்லாமல் இருக்கலாம், போன முறை கூட வந்தவரை இழந்திருக்கலாம். ‘வழக்கமான ரவா தோசைதானே சார்?’ என்று பல வருடம் பழகிய சப்ளையர் கேட்பதும் பழைய பதிவிலிருந்துதான். ஆனால் கேட்கும்போதே அவர் எதிரில் இருக்கும் முகத்தைப் பார்க்கிறார், முகம் வாடியிருந்தால் கேள்வியை மாற்றிக்கொள்கிறார். மேலும், ஒரு சப்ளையர் நினைவில் வைத்திருப்பது அந்த மேசையோடு நிற்கும். நிறுவனத்தின் கணினியில் இருப்பது எங்கே போகும் என்பது சாப்பிட வந்தவருக்குத் தெரியாது. பொருள் வாங்குகிறவரிடம் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் கடைகளுக்கு அறிவுறுத்த வேண்டி வந்ததும், அதே ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் இந்தக் கவலையால்தான்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. அடுத்தவர் முகக்குறிப்பைப் பார்த்து நடப்பது அடிமைத்தனம், அதை ஒரு கலை என்று புகழ்வது அடிமைத்தனத்துக்குப் பொன்முலாம் பூசுவது என்பார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில், அரசனுக்கு அருகில் இருப்பவர் அவன் சொல்லாமலே அவன் மனத்தை அறிவதைப் பற்றியது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில், காதலர் கண்ணின் குறிப்பை அறிவதைப் பற்றியது. முதலாவதில் மேலே ஒருவர், கீழே ஒருவர். இரண்டாவதில் மேல் கீழ் இல்லை. ஓட்டல் மேசையில் நடப்பது இதில் எது? காசு கொடுப்பவர் உட்கார்ந்திருக்க, சம்பளம் வாங்குகிறவர் நின்றிருப்பதால் முதலாவது போலத்தான் தெரியும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் எழுதிய நூலில், விமானப் பணிப்பெண்கள் உள்ளத்தில் இல்லாத சிரிப்பை வேலையின் பகுதியாகவே விற்க நேர்வதை உணர்வுழைப்பு என்ற கருத்தாக விளக்கினார். சிரி, பணிந்து பேசு, மகிழ்ச்சியாக இருப்பதுபோல் இரு என்று கேட்கும் ஓட்டல்களுக்கும் அந்த விமர்சனம் முழுக்கப் பொருந்தும். இலை பார்ப்பதற்கு இந்த நடிப்பு எதுவும் தேவையில்லை. சிரிக்காத, அதிகம் பேசாத, ஆனால் ரசம் வேண்டிய நேரத்தில் ரசத்தோடு வந்து நிற்கிற சப்ளையர் யாருக்கும் அடிமை இல்லை. கடைசிப் பாட்டி படி இறங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு விசில் கொடுக்கும் நடத்துநரைப் போல, ஊசி குத்துமுன் நோயாளியின் முகத்தைப் பார்க்கும் செவிலியரைப் போல அவர் தன் தொழிலைத் தெரிந்தவர். தாழ்வு வருவது வேறு இடத்திலிருந்து. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதும், தந்தை வயதுக்காரரை ‘ஏய்’ என்பதும், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பதும்தான் அந்த வேலையைத் தாழ்த்துகின்றன. கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும் ஓட்டல் ஊழியருக்கும் மேசைகளுக்கு நடுவே பத்து நிமிடம் உட்கார ஓர் இடம் வேண்டும். சாப்பிட வருகிறவரும் கொஞ்சம் குறிப்பறியலாம். ஒருவரே எட்டு மேசையைச் சமாளிப்பதைக் கண்டால் எல்லாத் தேவையையும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம்.

கூட்டம் நெரியும் சாதாரண ஓட்டலில் இதெல்லாம் நடக்காது என்பார்கள் முதலாளிகள். உண்மையில் இது நடக்கிற இடமே சாதாரண ஓட்டல்தான். எழுதாமல் நாலு மேசை ஆர்டரை வாங்கி, உள்ளே போய் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் சப்ளையர்களை நாம் பிறவித் திறமைசாலிகள் என்று நினைத்துக்கொள்கிறோம். உளவியலாளர்கள் ஆண்டர்ஸ் எரிக்சனும் பீட்டர் போல்சனும் அமெரிக்காவில் ஒரு பரிமாறுநரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். இருபது பேரின் ஆர்டரை எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடியவர் அவர். சாலட்டில் ஊற்றும் டிரெஸ்ஸிங் வகைகளின் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சொல்லாக்கிக்கொள்வார். இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்பதை ஏறி இறங்கும் கோடாக மனத்தில் வரைந்துகொள்வார். பழகிப் பழகித் தானே உருவாக்கிக்கொண்ட உத்திகள் அவை. அப்படியானால் கற்றுக்கொடுக்கவும் முடியும். கற்ற கை நிலைக்க வேண்டும் என்றால் ஆள் நிலைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இன்னின்ன மேசை என்று நிலையாகப் பிரித்துக் கொடுக்கவும் வேண்டும். யார் மேசை என்று தெரியாத மேசையை எல்லோரும் தாண்டிப் போவார்கள்.

அதிகப்படியான கவனிப்பும் தொல்லைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு வாய்க்கு ஒருமுறை வந்து ‘எல்லாம் ஓகேவா சார்?’ என்று கேட்டால் பேச்சு அறுந்துபோகும். நம் பந்திக்கே உரிய தொல்லை வேறு: வற்புறுத்தல். நம்மில் பலர் முதல் ‘போதும்’ என்பதை மரியாதைக்காகச் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் பசியோடு எழுந்திருப்பார்கள். இரண்டாவது ‘போதும்’ சொல்லும்போது உள்ளங்கையைக் குப்புற விரித்து இலைக்கு மேல் மறித்துவிட்டால் அது மெய்யானது. அந்தக் கைக்கு மேலும் ஒரு கரண்டி சாதத்தைப் போடுவதை உபசாரம் என்று நினைக்கிறோம். அது இலையோடு குப்பைக்குப் போகிறது. 2022இல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 29 கோடி டன் உணவகங்கள் முதலான உணவுச் சேவை இடங்களில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டது. மறித்த கையை மதிப்பதும் இலை பார்ப்பதில் அடக்கம். தனியாக வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு காபியை அரைமணி நேரம் குடிப்பவரை அப்படியே விட்டுவிடுவதும் அதில் அடக்கம்.

இவ்வளவு வேலைக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? டிப்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று முதலாளிகள் விட்டுவிடுகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின், பல ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வெளியிட்ட கட்டுரையில், சேவை எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கும் டிப்ஸ் எவ்வளவு என்பதற்கும் உள்ள தொடர்பு மிகவும் மெலிது என்று காட்டினார். டிப்ஸில் காணும் ஏற்ற இறக்கத்தில் சேவையின் தரத்தால் வருவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தாமாகச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் தடுத்தது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நுகர்வோர் கோணத்தில் அது சரியான தீர்ப்பு. பரிமாறுகிறவருக்குத் தர வேண்டியதைத் தோசையின் விலைக்குள் வைத்துச் சம்பளமாகக் கொடுங்கள் என்பதுதான் அதன் பொருளாக இருக்க முடியும். அந்தப் பாதி இன்னும் நடக்கவில்லை. ‘சப்ளையர் தேவை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்’ என்ற பலகை பல ஓட்டல்களில் வருடம் முழுவதும் இறக்கப்படாமல் தொங்குகிறது. மாஸ்டருக்கு அனுபவத்துக்கு ஏற்ற சம்பளம் உண்டு; நல்ல மாஸ்டரை அடுத்த ஓட்டல்காரர் வந்து பேசிக் கூட்டிப்போவார். பதினைந்து வருடம் இலை பார்த்த சப்ளையருக்கும் நேற்று வந்தவருக்கும் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அதைச் சரிசெய்வதற்கு முன்பே, செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. சப்ளையர் தானாகக் கவனித்து ஒரு கிண்ணம் சட்னி கூடுதலாக வைக்கவோ, தள்ளிவைத்த காபியை மாற்றிக் கொடுக்கவோ கல்லாவில் உத்தரவு கேட்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அவர் கணிப்பு ஒருநாள் தவறி, மாற்றிக் கொடுத்த காபியும் வீணாகிப் போனால் அதை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மறுநாளிலிருந்து அவர், கேட்ட பிறகுதான் அந்த மேசைப் பக்கம் திரும்புவார்.